மனைவியின் 50வது பிறந்தநாளுக்கு நான்கு நாள் சிங்கப்பூர்: எதை முதலில் முடிவு செய்வது, எதை ரகசியமாக வைப்பது?

சென்னையிலிருந்து நான்கு நாள், இருவர் மட்டும், சைவச் சாப்பாடு, பிறந்தநாள் அன்று சிங்கப்பூரில் இருக்க வேண்டும், முடிந்தால் மனைவிக்குத் தெரியாமலே எல்லா ஏற்பாடும் நடக்க வேண்டும். இதுதான் உங்கள் கேள்வி. கடைசி விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். பயணத்தை மறைக்காதீர்கள். ஒரு மாலையை மட்டும் மறையுங்கள்.

பயணத்தை மறைக்க நடைமுறையில் வழியில்லை. விசா விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும், 35க்கு 45 மி.மீ. அளவில் வெள்ளைப் பின்னணியோடு சமீபத்தில் எடுத்த புகைப்படம் வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும். அரசு ஊழியர் அல்லது அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் வெளிநாடு போக முன் அனுமதி வாங்க வேண்டும், அது மேசை மேசையாக நகர்ந்து வர வாரக்கணக்கில் ஆகலாம். இவை போக, 50 வயதில் ஒரு பெண் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப எத்தனை ஏற்பாடு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பெரியவர்களின் மாத்திரை, பிள்ளைகளின் பரீட்சை, வேலைக்கு வரும் அக்காவுக்குச் சொல்லி வைப்பது, எந்தப் புடவை எடுத்துக்கொள்வது, இத்தனையும் அவர் தலையில்தான் இருக்கிறது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சொன்னால் சந்தோஷத்துக்கு முன்னால் பதற்றம்தான் வரும். ஊரையும் தேதியையும் மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். பிறந்தநாள் மாலை எங்கே, என்ன என்பது மட்டும் உங்களோடு இருக்கட்டும்.

அந்த மாலையைத்தான் முதலில் நிர்ணயிக்க வேண்டும். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலோர் மலிவான டிக்கெட்டில் தொடங்குவதால், பிறந்தநாள் வந்திறங்கும் நாளிலோ கிளம்பும் நாளிலோ போய் விழுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் நாலே கால் மணி நேரம். பல விமானங்கள் இரவில் கிளம்பி விடியற்காலையில் இறங்குகின்றன, ஹோட்டல் அறையோ பொதுவாக மதியம் 3 மணிக்குத்தான் கிடைக்கும். தூக்கமில்லாத கண்ணோடு அன்று மாலையே விருந்துக்குப் போனால் இருவருக்கும் கொட்டாவிதான் வரும். பிறந்தநாள் இரண்டாம் நாளாக அமையட்டும். டிக்கெட்டில் 00.40 என்று இருந்தால் முந்தைய நாள் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதையும் இருமுறை சரிபாருங்கள், தேதி மாறி விமானத்தை விடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

காலண்டரையும் ஒரு பார்வை பாருங்கள். ஃபார்முலா 1 கார் பந்தயம் நடக்கும் வாரத்தில் (வழக்கமாக செப்டம்பர் அல்லது அக்டோபர்) மெரினா பே பகுதியில் சாலைகள் அடைபடும், அறை வாடகை எகிறும். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாளில் பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். பிறந்தநாள் தேதி நம் கையில் இல்லை, ஆனால் மழை மாதத்தில் வந்தால் திறந்தவெளி மேசையைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

விசாவுக்கு வருவோம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கீகாரம் பெற்ற விசா முகவர் வழியாகத்தான் பெரும்பாலும் விண்ணப்பிக்கிறார்கள். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவரின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், அதனால் மூன்று மாதம் முன்னால் ஓடிப் பயனில்லை. இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், அதை மட்டும் இன்றே எடுத்துப் பாருங்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் டிக்கெட் போடும்போது அந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள், முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விசா விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

இது தவிர வருகை அட்டை ஒன்று உண்டு. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளத்தில் நீங்கள் நிரப்பிக்கொண்டிருந்தால் அது அரசின் தளம் அல்ல, உடனே வெளியே வாருங்கள்.

ஹோட்டலைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: எம்.ஆர்.டி. ரயிலின் நீல நிற டவுன்டவுன் தடத்தை விட்டு விலகாதீர்கள். லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டித் தங்கினால் ஒரு பக்கம் ரோச்சோர், பூகிஸ், புரொமனாட் தாண்டி நான்காவது நிலையம் பேஃபிரன்ட். கார்டன்ஸ் பை தி பே என்னும் பெரிய பூங்காவும் மெரினா பே சேண்ட்ஸ் ஹோட்டலும் அங்கேதான். எதிர்ப்பக்கம் மூன்றாவது நிலையமே பொட்டானிக் கார்டன்ஸ். 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு அதே தடத்தில் சைனாடவுன். எங்கும் வண்டி மாற வேண்டாம். சைவச் சாப்பாடு காலடியில் கிடைக்கும், சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் அந்தப் பகுதியில் கூட்டம் நெரியும், அமைதி வேண்டுபவர்கள் ரோச்சோர் பக்கம் பாருங்கள்.

மெரினா பே சேண்ட்ஸ் மேல்தளத்து நீச்சல் குளம் அங்கே தங்குபவர்களுக்கு மட்டும்தான். பார்வைத்தளத்துக்கான டிக்கெட் எடுத்தால் குளத்துக்குள் விடமாட்டார்கள். இது தெரியாமல் மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு அங்கே போய் விழிப்பவர்கள் பலர். குளம்தான் அவர் ஆசை என்றால் பிறந்தநாள் இரவு ஒன்றை மட்டும் அங்கே போட்டு, மற்ற இரவுகளுக்குச் சாதாரண ஹோட்டல் எடுக்கலாம். ஆனால் பிறந்தநாள் காலையில் பெட்டி கட்டி அறை மாற வேண்டியிருக்கும், மதிய ஓய்வும் போய்விடும். எனக்கு அது உடன்பாடில்லை.

இனி அந்த மாலை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 7 மணியை ஒட்டித்தான் மறைகிறது. அதனால் 6.30க்கு விரிகுடாவைப் பார்த்த சன்னலோர மேசை, சாப்பிடச் சாப்பிட வெளிச்சம் மங்கிக் கட்டடங்களில் விளக்கு ஏறும். 8.20க்கு எழுந்து கார்டன்ஸ் பை தி பேயின் சூப்பர்ட்ரீ என்னும் ராட்சதச் செயற்கை மரங்களுக்கு அடியில் 8.45 காட்சி. ஒளியும் இசையும் சேர்ந்த இந்த நிகழ்ச்சி தினமும் 7.45க்கும் 8.45க்கும் நடக்கிறது, இலவசம். விருந்து நீண்டுவிட்டால் மெரினா பே சேண்ட்ஸின் முன்புறம் 9 மணிக்கு நீரூற்று ஒளிக்காட்சி இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

முதலில் காட்சி, பிறகு விருந்து என்று மாற்றிப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். 30 டிகிரி வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில் பட்டுப்புடவையோடு இரண்டு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு மேசையில் உட்கார்ந்தால் படம் எடுக்கவே மனம் வராது. மழை வந்தாலும் இந்த வரிசையே பாதுகாப்பு. திறந்தவெளிக் காட்சி ரத்தானாலும் விருந்து அப்படியே இருக்கும்.

உணவகத்தை ஐந்து ஆறு வாரம் முன்பே பிடியுங்கள், தொலைபேசியை விட மின்னஞ்சல் நல்லது. எழுத வேண்டியவை: தேதி, நேரம், இருவர், 50வது பிறந்தநாள், சன்னலோர மேசை உறுதியா அல்லது முயற்சி செய்வார்களா, 8.20க்குக் கிளம்ப வேண்டும். சைவம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். முட்டை, மீன் சாஸ், சிப்பி சாஸ், பெலாச்சான் என்னும் இறால் விழுது, கோழிச் சாறு இவை எதுவும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அங்கே காய்கறி உணவு என்றாலும் வாணலியில் சிப்பி சாஸ் விழுவது சாதாரணம். இருக்கையைப் பிடிக்கவே அட்டை விவரம் கேட்பார்கள், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். அந்த விதியைப் படித்துவிட்டு எண்ணைக் கொடுங்கள்.

விலைக்குப் பக்கத்தில் ++ என்று இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணம், அதைச் சேர்த்த தொகையின் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி. என்று பொருள். 100++ டாலர் பில்லில் 119.90 ஆகும். தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

கேக்கில் மூன்று சிக்கல். முட்டை இல்லாத கேக் நினைத்த நேரத்தில் கிடைக்காது, சில நாள் முன்பே சொல்ல வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்தால் பல உணவகங்கள் அதற்கென்று கட்டணம் வாங்கும். ஃப்ரெஷ் கிரீம் அந்தப் புழுக்கத்தில் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காது. உணவகமே செய்து தருமா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். இருவருக்கு அரைக் கிலோ தாராளம். ஹோட்டல் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள், புகை உணரி அலறினால் மொத்தத் தளமும் வெளியே வந்து நிற்கும்.

பலரும் மறப்பது நேர வித்தியாசத்தை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. நம் ஊரில் நள்ளிரவு 12 அடித்ததும் தங்கை, மச்சினி, பள்ளித் தோழிகள் வரிசையாகக் கூப்பிடுவார்கள், அங்கே அப்போது விடியற்காலை 2.30. மறுநாள் முழுவதும் தூக்கம் கெட்ட முகம்தான். முன்கூட்டியே எல்லாருக்கும் ஒரு நேரம் சொல்லிவிடுங்கள், நம் ஊர் காலை 10 என்றால் அங்கே 12.30. பிள்ளைகளும் அம்மா வீட்டினரும் ஆளுக்கு அரை நிமிடம் பேசிய காணொளியை வாங்கி ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டால், விருந்தில் இனிப்பு வருமுன் காட்டலாம். ஃபோனிலேயே இறக்கி வையுங்கள், அந்த நேரத்தில் இணையத்தை நம்ப வேண்டாம்.

மற்ற நாட்களை இறுக்கிக் கட்ட வேண்டாம். முதல் நாள் சாப்பாடு, தூக்கம், மாலையில் லிட்டில் இந்தியாவிலேயே உள்ள வீரமாகாளியம்மன் கோயிலில் அவர் பெயர் நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை. மதியம் நடை சாத்தியிருக்கும். பிறந்தநாள் காலையில் பொட்டானிக் கார்டன்ஸுக்குள் இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டம், 8.30க்குத் திறக்கிறார்கள். 10 மணிக்கு மேல் வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு அறைக்குத் திரும்பி ஓய்வு. மூன்றாம் நாள் சென்டோசா தீவா, கடைவீதியா என்பதை அவரே சொல்லட்டும். கார்டன்ஸ் பை தி பேயில் உள்ள கிளவுட் ஃபாரஸ்ட் கண்ணாடிக் கூடத்துக்குள் 35 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது, மழை நாளுக்கு அதை ஒதுக்கி வையுங்கள். பராமரிப்புக்காக மூடும் நாட்கள் உண்டு, தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ரயிலில் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம், ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தொடாமல் தட்டும் வசதி இரண்டையும் கிளம்புமுன் வங்கிச் செயலியில் திறந்து வையுங்கள். ஹோட்டல் முன்பணத்துக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள், முடக்கிய தொகை திரும்பி வர வாரங்கள் ஆகலாம். கிரெடிட் கார்டே சரி.

பெட்டியில் போகக் கூடாதவை: கசகசா, சூயிங்கம், பாக்குப் புகையிலை, மின்சிகரெட். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து வழக்கமாக எடுப்பவர் என்றால் அந்த நாட்டுச் சுகாதார ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

நகை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவருடைய கனமான நகைகளை அணிந்து போவதாக இருந்தால் சென்னையில் கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சிராங்கூன் சாலையில் பிறந்தநாள் பரிசாகத் தங்கம் வாங்கும் எண்ணம் இருந்தால், நகைக்கான வரிச்சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புபவர்களுக்கு மட்டுமே. நான்கு நாள் பயணிக்கு அது கிடையாது. பரிசு நகையை இங்கேயே வாங்கிக்கொள்வதுதான் மேல்.

வேறு பொருட்களை 100 டாலருக்கு மேல் வாங்கினால் சுற்றுலாப் பயணிக்கு ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும். கடையில் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். பொருள் பெரிய பெட்டிக்குள் போவதாக இருந்தால் சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே வரியைத் திரும்பப்பெறும் இயந்திரத்துக்குப் போய்விடுங்கள், அதிகாரிகள் பொருளைக் காட்டச் சொல்லலாம். அந்த விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர்ச்சுழல் பாஸ்போர்ட் சோதனைக்கு வெளியே, பொதுப் பகுதியில் இருக்கிறது. உள்ளே போய்விட்டால் திரும்பி வர முடியாது, ஆகவே விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே சாங்கியில் இருப்பது போல் கிளம்புங்கள்.