சரக்கறைச் சாவி

அன்புள்ள ஐயா,

ஆத்தங்குடிக்குப் பக்கத்தில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை நடத்துகிறேன். சரக்கறையை என் அப்பா காலத்திலிருந்து 22 ஆண்டுகளாக, நாங்கள் அண்ணன் என்று அழைக்கும் ஊழியர் ஒருவர் பார்த்துவருகிறார். சென்ற ஆடியில் வண்ணப்பொடி மூட்டை இரண்டு குறைந்தபோது, வேலைக்காரர்கள் அனைவர் முன்னிலையிலும் அவரைக் கேள்வி கேட்டுச் சாவியை வாங்கிவிட்டேன். என் தம்பிதான் வேறொரு கட்டட வேலைக்காக எழுதிவைக்காமல் எடுத்துச் சென்றான் என்பது பத்து நாள் கழித்தே தெரிந்தது. அவரைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தேன், சம்பளத்தையும் கூட்டினேன். மறுபடி இப்படி நேராதிருக்கச் சரக்கறை வாசலில் கேமரா வைத்தேன். அவர் ஒழுங்காக வேலைக்கு வருகிறார். ஆனால் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்கிறார். முன்பு கல் சரியாக ஊறவில்லை என்றால் என்னையே கடிந்துகொள்வார், இப்போது பார்த்தும் பேசாமல் போகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளையே நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணாடிமேல் வார்த்த கல்லைத் தொட்டித் தண்ணீரில் போதிய நாள் ஊறவிடாமல் எடுத்தால், அதன் குறை பட்டறையில் தெரியாது. யாரோ ஒருவர் வீட்டுத் தரையில் பதித்துச் சில காலம் சென்ற பிறகே தெரியும். அதை முன்கூட்டியே கண்டு சொல்லும் மனிதர் இப்போது வாய்மூடி நிற்கிறார் என்றால், நீங்கள் இழந்திருப்பது ஒருவருடைய முகமலர்ச்சியை மட்டுமன்று.

இளம் வயதில் நானும் ஒரு கடையில் கணக்கு எழுதினேன். ஒரு மாதம் கல்லாவில் பணம் குறைந்தபோது முதலாளி என்னையே பார்த்தார், மற்றவர்களும் என்னையே பார்த்தார்கள். தவறு கூட்டலில்தான் என்று பின்னர் தெரிந்தது. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தத் தீபாவளிக்கு எனக்கு மட்டும் கூடுதலாகப் பணம் கொடுத்தார். அவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்திருப்பார் என்று இன்று நம்புகிறேன். ஆனால் அந்தப் பணத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது, நான் திருடவில்லை என்பதை மறந்துவிடுவதற்காகக் கிடைத்த கூலியைப் போல அது எனக்குக் கனத்தது. தை பிறந்ததும் வேலையை விட்டேன். ஆகவே நீங்கள் கூட்டிக்கொடுத்த சம்பளம் அவரை ஏன் எட்டவில்லை என்பது எனக்குப் புரிகிறது. சம்பளம் அவர் உழைப்புக்கு உரியது, அதைக் குறைக்க வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கில் அதை வரவு வைக்காதீர்கள்.

பழி எல்லோர் காதிலும் விழுந்தது, வருத்தமோ ஒருவர் காதில் மட்டும் விழுந்தது. எனவே அதே பட்டறையில், அதே ஆட்கள் கூடியிருக்கும்போது, மூட்டையை எடுத்தது உங்கள் தம்பி என்பதையும், விசாரிக்காமல் பேசியது நீங்கள் என்பதையும் சொல்லுங்கள். தம்பியும் உடன் நிற்க வேண்டும். "சூழ்நிலை அப்படி" என்ற சொல் அதில் வர வேண்டாம்.

அடுத்தது கேமரா. நம்பிக்கையைப் பற்றி 1995-இல் மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை மேலாண்மைத் துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஒருவரைக் கண்காணிக்க முடிகிறதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல், அவர் செயலால் நமக்கு இழப்பு நேரக்கூடும் என்று அறிந்தே அவரிடம் நம்மை ஒப்படைக்க முன்வருவதுதான் நம்பிக்கை என்பது அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம். அந்த அளவுகோலில் பார்த்தால், குற்றமற்றவர் என்று தெளிந்த பிறகு அவர் தலைக்குமேல் நீங்கள் வைத்த கேமரா உங்கள் வருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அப்படியானால் சரிபார்ப்பே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும், அது நம் ஊருக்குப் புதிதும் அன்று. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த செட்டிநாட்டு முதலாளிகள், பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தும் ஏஜெண்டாக உயர்ந்தவர்களிடம் பெரும் மூலதனத்தை விட்டுவிட்டு, கடல் கடந்து இங்கே இருந்தார்கள். அந்தத் துணிவு வெறும் மன உறுதியால் வந்ததன்று. பெரும்பாலும் மூன்று ஆண்டு என்று தவணை இருந்தது, அன்றாடக் கணக்கெழுதும் நாள்வழியும், அதைத் தலைப்புவாரியாகத் தொகுக்கும் பேரேடும் இருந்தன, ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு எடுத்து ஊருக்கு வந்தது. ஏஜெண்ட் முதலாளிக்கு உறவினராக இருந்தாலும் கணக்குக் காட்டினார். அதை யாரும் ஐயப்பாடாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் பொதுவான சரிபார்ப்பு மனிதரைக் காக்கும். ஒருவர்மீது மட்டும் திடீரென்று விழுவதுதான் அவமானம்.

உங்கள் பட்டறையில் குறைந்தது நேர்மையன்று, ஒரு வரிப் பதிவு. ஆகவே கேமராவைக் கழற்றிவிட்டு ஒரு சரக்குப் பேரேடு போடுங்கள். எந்த மூட்டை, எந்த நாள், யார் எடுத்தார் என்று எழுதிக் கையெழுத்திடட்டும். முதல் பக்கத்தில் உங்கள் தம்பி பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். அதை எப்படி நடத்துவது என்று அந்த அண்ணனையே கேளுங்கள், ஏனெனில் 22 ஆண்டுகளாக அந்த அறையை அறிந்தவர் அவர். சாவியைத் திரும்பக் கொடுங்கள். உங்களிடம் மாற்றுச் சாவி இருந்தால் அதையும் அவரிடம் மறைக்க வேண்டாம்.

அவர் உடனே பழையபடி பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள், மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டு அவர்மேல் இன்னொரு சுமை ஏற்றாதீர்கள். மாதங்கள் ஆகலாம். என்றாவது தொட்டிப் பக்கம் நின்று, இந்தக் கல் இன்னும் ஊற வேண்டும் என்று அவர் உங்களைக் கடிந்துகொண்டால், வண்டி வாசலில் காத்திருந்தாலும் கல்லை இறக்கிவிடுங்கள்.

அன்புடன்.