மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்கென்று ஒரே மருந்து ஏன் இல்லை?

"சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று மாத்திரை கொடுக்கிறார்கள். இவை யாவும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்ற ஒரே கோளாறின் கூறுகள் என்றால், அதற்கென ஒரே மருந்தை ஏன் உருவாக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் பனகல் சாலைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் என்னிடம், சீட்டை நீட்டும் பலரும் இதையே வேறு சொற்களில் கேட்பார்கள். பார்மசி மேற்படிப்பில் எலிகளை வைத்து இதே துறையில் ஆய்வு செய்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இடுப்பளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு, 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். ஆகிய ஐந்தில் எவையேனும் மூன்று வரம்பைத் தாண்டினால் (எச்.டி.எல். மட்டும் வரம்புக்குக் கீழே இறங்கினால்) இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமையே இவற்றின் பொது வேர் என்று அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் 1988இல் முன்வைத்தார். ஆனால் இந்த ஐந்தையும் ஒருசேரப் பிடித்திருக்கும் ஒற்றைக் காரணம் உண்மையில் உண்டா என்று அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்களே 2005இல் கூட்டாக ஐயம் எழுப்பின. எதைத் தடுத்தால் எல்லாம் சரியாகும் என்பது உறுதியாகாத நிலையில், மருந்து வேதியியலாளர் எந்த இலக்கை நோக்கி மூலக்கூறை வடிவமைப்பார்?

ஆய்வகத்தில் இச்சிக்கல் தெரியாது. ஃபிரக்டோஸ் மிகுந்த தீனியைச் சில வாரங்கள் கொடுத்தால் எலிக்கு ட்ரைகிளிசரைடும் இன்சுலினும் ஏறும்; மருந்தைப் புகட்டினால் அவை இறங்கும்; ஆய்வேடும் தேறிவிடும். ஆனால் எலியின் இரத்தக் கொழுப்பில் பெரும்பகுதி எச்.டி.எல். வடிவிலேயே இருக்கிறது, அதன் இரத்தக் குழாய்கள் நம்முடையவை போல எளிதில் அடைபடுவதும் இல்லை. ஆகவே மாரடைப்பைத் தடுக்குமா என்ற ஒரே முக்கியமான கேள்விக்கு அந்த எலி பதில் சொல்லாது.

அந்தப் பதிலைப் பெற ஆயிரக்கணக்கான மனிதர்களை ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டியிருக்கிறது, பெரும்பாலான மருந்துகள் சரிந்ததும் அங்கேதான். டார்செட்ராபிப் என்ற மருந்து ஏறத்தாழ 15,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. எச்.டி.எல். அளவை அது 72 சதவீதம் உயர்த்தியது, 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல்.லையும் குறைத்தது, ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்தினார்கள். மூளையில் பசியைத் தூண்டும் ஏற்பியை அடைக்கும் ரிமோனபன்ட், இடுப்பளவு, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல். மூன்றையும் ஒருங்கே சீராக்கியதால், நீங்கள் கேட்கும் அந்த ஒரே மருந்தாக ஆகியிருக்கக்கூடும். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைதூக்கியதால், 2006இல் அனுமதித்த ஐரோப்பா 2008இல் அதை நிறுத்திவைத்தது. இரத்தப் பரிசோதனைத் தாளில் எண்கள் அழகாவதும் ஆயுள் நீள்வதும் ஒன்றல்ல என்று நான் அடித்துச் சொல்வதற்கு இவ்விரண்டும் போதும்.

சர்க்கரையையும் கொழுப்பையும் ஒரே மூலக்கூறால் கட்டுப்படுத்த முயன்ற முராக்லிட்டசார் இதயப் பாதிப்பு குறித்த அச்சத்தால் கைவிடப்பட்டது. அதே வகையில் அகமதாபாத்தின் சைடஸ் காடிலா உருவாக்கிய சரோக்லிட்டசார் 2013இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. அதுவும் நீரிழிவு உள்ளவர்களின் கொழுப்புக் கோளாறுக்காகத்தான். மருந்துகளுக்கு அனுமதி தரும் கட்டுப்பாட்டு அமைப்புகள் கேட்பது குறிப்பிட்ட நோயையும் அளக்கத்தக்க பலனையும் என்பதால், ஒவ்வொரு மருந்தும் நீரிழிவு, உடல் பருமன், கல்லீரல் கொழுப்பு என ஏதேனும் ஒரு வாசல் வழியாகவே நுழைய வேண்டியிருக்கிறது.

இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளூடைடு ஊசியும் முதலில் சர்க்கரைக்காக வந்ததே. ஏற்கெனவே இதய நோயும் கூடுதல் எடையும் இருந்து, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், அது மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் வரும் இறப்பு ஆகியவற்றை மொத்தத்தில் 20 சதவீதம் குறைத்தது. இதுவரை கண்டவற்றில் நான் உண்மையாகவே மதிக்கும் முடிவு இது. ஊசியை நிறுத்தினால் ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்புகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்குள்ள தயக்கம் வேறொன்று. அந்த ஆய்வில் சேர, உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) 27 ஆவது இருக்க வேண்டும். செல்லூரிலிருந்து என் கடைக்கு வரும் தறிக்காரர்கள் சிலர், கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளி, குறியீடு 24இலேயே ஐந்தில் நான்கு கோளாறுகளைச் சுமப்பவர்கள். ஏற்கெனவே தசை குறைந்த அவர்களிடம், எடையோடு தசையையும் குறைக்கும் மருந்து என்ன செய்யும் என்பதை அவர்களையே சேர்த்து நடத்தும் ஆய்வுதான் சொல்ல முடியும். அதுவரை அவர்களுக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினையும் பிரஷருக்கு டெல்மிசார்டனையும் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டினையும் மருத்துவர் தனித்தனியே எழுதுவதே முறை என்பேன். அவை ஒவ்வொன்றும் எதைத் தடுக்கிறது என்பதற்குப் பல ஆண்டுச் சான்று இருக்கிறது.