அறைத்தோழர்கள் சுத்தமாக இருப்பதில்லை. சண்டை இல்லாமல் இதை எப்படிச் சரிசெய்வது?

ஓர் அறையில் மூன்று மாணவர்கள் இருக்கிறோம், மற்ற இருவரும் பாத்திரம் கழுவுவதில்லை, பெருக்குவதில்லை, சொன்னால் முறைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் யார் எந்த நாளில் பெருக்குவது என்று ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பீர்கள், ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், இப்போது அவர்கள் தூங்கும் நேரம் பார்த்துப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுகிறீர்கள். சரிதானே? நானும் அப்படித்தான் இருந்தேன்.

2012இல் காரைக்குடியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நாங்கள் நான்கு பெண்கள், அருகில் கோட்டையூரில் ஒரு பழைய வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தோம். செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். நடுவில் வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். இதை வளவு என்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அறை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். முகப்பு, முற்றம், தாழ்வாரம், கிணறு எல்லாம் பொது. அந்த வீட்டில் அப்போது ஓர் ஆச்சி மட்டும் தனியாக இருந்தார். மற்ற பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும். தம் பங்குக்கு வந்த அறைகளைத்தான் ஆச்சி எங்களுக்குக் கொடுத்திருந்தார்.

எங்கள் சண்டை பாத்திரத்தில் தொடங்கி மோட்டாரில் முற்றியது. அந்த ஆண்டின் மின்வெட்டைச் சென்னையில் இருந்தவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது. அவர்களுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம். எங்களுக்கு மின்சாரம் ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது, நாள் முழுக்கக் கூட்டினால் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. அதே தேர்வு, அதே பாடத்திட்டம், அதே கட்டணம். செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் விசிறிகூட இல்லாமல் மெழுகுவத்தி வைத்துப் படித்தோம். தலைநகரத்தில் இருப்பவனுடைய தூக்கம் மட்டும் ஏன் விலை உயர்ந்தது என்று எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் பத்தாண்டுக்கு மேல் ஆகியும் ஆறவில்லை.

மின்சாரம் வரும் நேரத்தில் யாராவது எழுந்து மோட்டார் போட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் தொட்டி காலி. அன்று எங்கள் நால்வரில் ஒருத்தியான திருச்சிப் பெண்ணின் முறை. அவள் எழவில்லை. காலையில் எனக்குப் பருவத் தேர்வு, குளிக்கத் தண்ணீர் இல்லை. கிணற்றில் இறைத்துக் குளித்துவிட்டுப் போனேன். மாலையில் திரும்பி வந்தால் முந்தைய நாள் மீன் குழம்புச் சட்டி அப்படியே கிடக்கிறது, எங்கள் அறை வாசலில் தாழ்வாரத்தில் எண்ணெய் வழிந்து கறையாகியிருக்கிறது. அவள் கட்டிலில் படுத்துப் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

எதுவும் பேசாமல் குளியலறைக்குப் போய், கழிப்பறை கழுவ வைத்திருந்த ஆசிட்டை எடுத்து வந்து அவள் கண் முன்னாலேயே தரையில் ஊற்றினேன். 'இப்படித்தான் சுத்தம் செய்ய வேண்டும்' என்று காட்டுவது என் எண்ணம்.

தரை ஆத்தங்குடிக் கல். பக்கத்து ஊரில் மணல், சிமெண்ட், நிறப்பொடி கொண்டு கண்ணாடி மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்த்தெடுப்பது. ஆண்டுக்கணக்கில் காலடி பட்டுப் பட்டுப் பளபளப்பு ஏறும். ஆனால் சிமெண்டை ஆசிட் தின்றுவிடும். புஸ்ஸென்று நுரைத்தது. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு சாண் அகலத்துக்குச் சிவப்பும் பச்சையும் போய், பூ இருந்த இடம் வெளிறிச் சொரசொரத்துவிட்டது.

ஆச்சி வந்து பார்த்தார். குனிந்து கையால் தடவினார். திட்டவில்லை. "என் பங்கு என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன் ஆத்தா. இது பொது. பதினொரு புள்ளிக்கு நான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். கல்யாணமான ஒரு தம்பதி, ஆச்சியின் நகரத்தார் சமூகக் கணக்கில் ஒரு புள்ளி.

நான்கு பேரில் சுத்தமானவள் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்கு அழியாத சேதம் செய்தவளும் நான்தான். எண்ணெய்க் கறை சீயக்காய் போட்டுத் தேய்த்தால் போயிருக்கும்.

மறுநாள் ஆச்சி நால்வரையும் வளவில் உட்கார வைத்தார். தாம் மருமகளாக வந்த கதையைச் சொன்னார். நகரத்தார் வீடுகளில் கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. வீட்டைவிட்டு அனுப்புவது இல்லை. அதே கூரை, அதே வளவு. ஆனால் அடுப்பு தனி, அரிசி பருப்பு தனி, பாத்திரம் தனி, செலவுக் கணக்கு தனி. அவர் வந்தபோது அந்த வீட்டில் ஐந்து அடுப்பு எரிந்ததாம். "யார் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்க மாட்டோம். கிணற்றடியும் முற்றமும் மட்டும் யார் எப்போது என்று பேசி வைத்திருந்தோம். நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிறீர்கள்" என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். பிரிக்க முடிந்ததை எல்லாம் பிரித்துவிடுங்கள். தட்டு, தம்ளர், சட்டி, வாளி, சோப்பு, எண்ணெய். அவன் தட்டு மூன்று நாள் கழுவாமல் கிடந்தால் அது அவன் தட்டு. நீங்கள் கழுவவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். பிரிக்க முடியாதவை எங்களுக்கு நான்குதான் மிஞ்சின: தண்ணீர், விளக்கு, குளியலறை, தூக்கம். நான்கைப் பற்றி மட்டும் பேசுவது எளிதாக இருந்தது. திருச்சிப் பெண் இரவு இரண்டு மணி வரை படிப்பவள். அதிகாலை எழுவது அவளால் ஆகாத காரியம். அதைச் சோம்பல் என்றே ஓர் ஆண்டு முழுக்க நினைத்திருந்தேன். நள்ளிரவு மோட்டார் அவளுக்கு, விடியற்கால மோட்டார் எனக்கு என்று மாற்றினோம். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்து படிக்க ஆச்சி சம்மதித்தார். அதன் பிறகு தொட்டி ஒரு நாளும் காலியாகவில்லை. முறைப் பட்டியல் எழுதிய காலத்தில் யாருக்கு எது முடியும் என்று ஒருவரையும் நான் கேட்டதே இல்லை.

'நண்பர்களுக்குள் தட்டைப் பிரிப்பது அற்பத்தனம்' என்று சிலர் கீழே எழுதுவார்கள். எழுதுங்கள். நாங்கள் தட்டைப் பிரித்த பிறகுதான் ஒருவர் தட்டில் இருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டோம். அதற்கு முன்பு ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள் இல்லை, பழைய குடும்ப முறைக்குப் புகழ் பாடவும் வரவில்லை. மருமகளாகத் தாம் பட்ட பாட்டையும் ஆச்சி அதே மூச்சில்தான் சொன்னார். சுத்தத்தில் நான் தளர்ந்துவிட்டேன் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கும் என் அடுப்படியை வந்து பார்க்கலாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். மோட்டார் சரியானது, தண்ணீர் சரியானது. அவள் கண் முன்னால் ஆசிட் ஊற்றியதற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது "பரவாயில்லை" என்றாள், ஆனால் பழையபடி என்னிடம் சிரித்துப் பேசவே இல்லை. பருவம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டாள். அந்தக் கல்லுக்கு ஈடு கொடுக்கிறேன் என்றேன், ஆச்சி வாங்க மறுத்தார். மாற்றுக்கல் கிடைத்தாலும் நிறம் ஒட்டாது என்றார். போன ஆண்டு கோட்டையூர் வழியாகப் போனேன். ஆச்சி இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது.

இந்தச் சனிக்கிழமை ஒரு பாத்திரக் கடைக்குப் போய் ஆளுக்கு ஒரு தட்டும் தம்ளரும் வாங்குங்கள். கடைக்காரரே பெயர் வெட்டிக் கொடுப்பார். மூவரும் சேர்ந்தே போங்கள், தனியாக வாங்கி வந்து நீட்டாதீர்கள். எங்கள் தட்டுகளில் நான்கு பேருக்கும் தலைப்பெழுத்து வெட்டினோம். திருச்சிப் பெண் கிளம்பும்போது அவளுடையதை விட்டுவிட்டுப் போனாள். மறந்தாளா, வேண்டாமென்று வைத்தாளா, இன்று வரை நான் கேட்கவில்லை. அது என் அலமாரியில் கழுவித்தான் இருக்கிறது.