படித்த நாவலைப் படமாகப் பார்த்தால் ஏன் ஏமாற்றமாகவே இருக்கிறது?

நீங்களும் அநேகமாக நாவலை இரண்டு மூன்று தடவை படித்துவிட்டுப் போய், தியேட்டரில் ‘அந்த இடம் எங்கே, இதை ஏன் மாற்றினார்கள்’ என்று கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். 2019 அக்டோபரில் ‘அசுரன்’ படத்துக்குப் போனபோது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அது பூமணியின் ‘வெக்கை’ நாவலிலிருந்து எடுத்த படம். நாவல் வந்தது 1982-இல். அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போய் ஆளையே கொன்றுவிடுகிறான் 15 வயது சிதம்பரம். அவனும் அவன் அய்யாவும் ஒளிந்து திரிகிற எட்டு நாள்தான் கதை. எனக்குச் சாத்தூர் பக்கம். அந்தக் கரிசல் காடும், பதுங்கிய இடத்திலேயே அவர்கள் பொங்கித் தின்கிற சோறும் எனக்கு மனப்பாடம். படத்திலோ கதை பையனை விட்டு அய்யாவின் பக்கம் போய்விட்டது, இடைவேளைக்கு அப்புறம் அவருடைய வாலிப வயதுக் கதை வேறு நீளமாக ஓடியது. எனக்கு அடங்கவில்லை. பக்கத்தில் அப்பா. “இதெல்லாம் புத்தகத்துல கிடையாதுப்பா” என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போது அந்தச் செருப்புக் காட்சி வந்தது. புதுச் செருப்பு போட்டு நடந்தாள் என்பதற்காக ஒரு பெண்ணை அடித்து அவமானப்படுத்துவார்கள். நான் மறுபடி வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து “பேசாம இருய்யா” என்றார். படம் முடிகிற வரைக்கும் கையை விடவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போதுதான் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போகையில் மேலத்தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிப் பைக்கட்டுக்குள் வைத்துக்கொள்வாராம், பிள்ளையார் கோயிலைத் தாண்டித்தான் மறுபடி போடுவாராம். ஒருநாள் மறந்துவிட்டாராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ‘வெக்கை’யை மூன்று தடவை படித்தவன் நான், அவர் இதை ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை.

உடனே ‘அப்போ நாவலைவிடப் படம் உசத்தியா’ என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் அப்படிச் சொல்லவே இல்லை. நாவலில் அந்தப் பையனுக்குள் ஓடுகிற பயமும் பாசமும் படத்தில் பாதிகூட வரவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சாதியின் பெயரையே சொல்லாமல் நகர்கிற நாவல் அது, படம் அதை நேராக எடுத்துப் பேசியது, அதனால்தான் அப்பாவைப் போய்த் தொட்டது. புத்தகத்தில் இல்லாத காட்சி என்று நான் குறை சொன்ன அதே காட்சி. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், அந்தப் புத்தகத்தைப் படிக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

அடுத்த வாரமே அப்பாவுக்கு ‘வெக்கை’யைக் கொடுக்கலாம் என்று அலமாரியில் தேடினால் புத்தகம் இல்லை. ஆபீஸில் ஒருவர் ‘படம் பார்க்கிறதுக்கு முன்னாடி படிச்சுடறேன்’ என்று வாங்கிப் போனவர், திருப்பித் தரவே இல்லை. கேட்டால் ‘வீட்லதான் இருக்கு’ என்பார். ஓரமெல்லாம் பென்சிலில் எழுதி வைத்திருந்த பிரதி அது. இரவல் வாங்குகிறவர்களுக்கு அது ஏன் புரிவதில்லை? நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

வேறு பிரதி வாங்கிக் கொடுத்தேன். நாவல் படிக்கிற பழக்கமே இல்லாதவர், விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். பாதியில் நிமிர்ந்து, “இந்தப் பையன் நேரத்துக்குச் சாப்பிடுறானான்னு அவன் அய்யா பார்த்துக்கிட்டே இருக்காரு, கவனிச்சியா?” என்று கேட்டார்.