காருக்கு நல்ல சத்தம் வேண்டும், பெரிய சத்தம் வேண்டாம்

கேள்வி: என்னிடம் 2016 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. பின்பக்க சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்படியே கொஞ்சம் கனமான சத்தம் வருகிற மாதிரி போட்டுக்கொள்ளலாமே என்று ஆசை. ஒரு கடையில் கேட்டேன். "முன்னாலிருந்து பின்னால்வரை நேர் குழாயாகப் போட்டுவிடலாம், பிக்கப்பும் ஏறும், 15,000 ரூபாய்" என்றார்கள். காரில் அப்பா, அம்மாவும் வருவார்கள். தெருவில் பெயர் கெடாமல், போலீஸிடம் மாட்டாமல் செய்ய வழி உண்டா?
– வாசகர், கோவை

பதில்: அந்த 15,000 ரூபாயை முதலில் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிக்கப் ஏறும் என்பது கடைக்காரரின் வாய்ப்பேச்சு. உங்களுடையது டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின். அதன் பலத்தைப் பின்னால் இருக்கும் சைலன்சர் பெரிதாகப் பிடித்துவைத்திருக்கவில்லை. அளவுக்கு மீறிப் பெரிய குழாயைப் போட்டால், ஊருக்குள் குறைந்த வேகத்தில் இழுவை மந்தமாகத் தெரியவும் கூடும். சத்தம் ஏறியதும் வண்டி வேகமாகப் போவது போல நமக்கே தோன்றும், அவ்வளவுதான். ஆகவே பவரை மறந்துவிட்டு சத்தத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எஞ்சினிலிருந்து வெளிவரும் புகை முதலில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கடக்கிறது. அப்புறம் காரின் வயிற்றுப் பகுதியில் ரெசனேட்டர் என்ற, அதிர்வை அடக்கும் சின்ன டப்பா. கடைசியில் நாம் சைலன்சர் என்று சொல்கிற பெரிய டப்பா. நீங்கள் கேட்கும் மாற்றத்துக்கு இந்தக் கடைசி டப்பாவை மட்டும் தொட்டால் போதும். முதல் இரண்டிலும் கை வைக்க விடாதீர்கள். அந்தக் கடைக்காரர் சொன்ன நேர் குழாயில் மூன்றுமே போய்விடும். பிறகு வருவது கனமான சத்தமில்லை, தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற இரைச்சல்.

ரெசனேட்டரைக் காப்பாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உங்கள் அப்பா, அம்மா. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். காதோடு நெஞ்சும் உணர்கிற தாழ்ந்த அதிர்வு அது. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் ஒரே சீராகப் போகும்போது, ஸ்விஃப்ட் போன்ற ஹேட்ச்பேக் காருக்குள் இது 'ங்ங்ங்' என்று அடைத்துக்கொண்டு நிற்கும். ஒர்க்‌ஷாப்காரர்கள் இதை ட்ரோன் என்பார்கள். பாட்டைக் கூட்டி வைத்தாலும் போகாது, ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கே இது ரொம்பப் படுத்தும், சைலன்சர் அவர்களுக்குப் பின்னால், டிக்கியின் அடியில்தானே இருக்கிறது? இந்த அதிர்வை அடக்கப் பக்கவாட்டில் ஒரு மூடிய குழாயை ஒட்டவைக்கும் முறையும் உண்டு. ஆனால் 100 ஹெர்ட்ஸை அடக்க அந்தக் குழாய் ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும். ஸ்விஃப்டின் அடியில் அதற்கு இடம் தேடுவது பெரும்பாடு. இருக்கிற ரெசனேட்டரை விட்டுவைப்பதே மேல்.

சரி, எந்த மாதிரி சைலன்சர் வாங்குவது? கம்பெனி சைலன்சர்களில் பெரும்பாலானவை உள்ளே தடுப்புச் சுவர்கள் கொண்டவை. புகை அங்கே திரும்பித் திரும்பிப் போவதில் சத்தம் செத்துவிடும். வெளியே கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் ரகங்களில் பல, ஓட்டைகள் போட்ட நேர் குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்தவை. இதில் உடம்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு அமைதி. டீ டம்ளர் பருமனில், பளபளவென்று, ஒரு சாண் நீளத்தில் தொங்கும் ரகங்களை எடுக்காதீர்கள். பஞ்சு நாளாக ஆகக் கருகி உதிரும், சத்தம் ஏறிக்கொண்டே போகும். கடையில் மிதமாகக் கேட்டது இரண்டு வருடத்தில் தெருவையே எழுப்பும். நீங்கள் இருக்கும் நிலையில், உள்ளே தடுப்பறைகள் உள்ள, கம்பெனி டப்பாவின் அளவுக்கே பெரிதான சைலன்சரைத்தான் நான் வாங்கச் சொல்வேன். சத்தம் ஒரு பிடி தடிக்கும், அதற்கு மேல் போகாது.

உலோகத்தைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம் என்று சொல்லி 202 ரகத்தைத் தருவது சாதாரணமாக நடக்கிறது. காந்தத்தை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 304, 202 இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையால் பயனில்லை. 202 விலை மலிவு, துருவும் சீக்கிரம் பிடிக்கும். காந்தம் ஒட்டுகிற 409 ரகம் மட்டம் என்று நினைக்க வேண்டாம், கார் கம்பெனிகளே சைலன்சருக்கு அதைப் பயன்படுத்துகின்றன. எந்த கிரேடு என்பதை ஜி.எஸ்.டி. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

உங்கள் பழைய சைலன்சர் ஓட்டையானதற்கு அநேகமாகச் சின்னச் சின்னத் தூரம் ஓட்டியதே காரணமாக இருக்கும். எஞ்சின் சூடாகுமுன் நிறுத்திவிட்டால், புகையில் இருக்கும் நீராவி தண்ணீராகி டப்பாவுக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். அந்தத் தண்ணீர் வடிய, பல சைலன்சர்களின் அடியில் ஊசி முனை அளவு துளை ஒன்று விட்டிருப்பார்கள். புதிதில் அப்படி இருந்தால், ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்குமுன், நீங்கள் வாங்கும் கடையில் ஏற்கெனவே அதே சைலன்சர் போட்ட வண்டி ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள். கடை வாசலில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டுவது எதற்கும் உதவாது. நீலாம்பூர் பைபாஸில் 80, 90 வேகத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்தச் சைலன்சர் உங்கள் வீட்டுக்கு ஆகாது.

இனி சட்டம். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. உங்கள் கார் வந்த 2016இல், புதிய பயணிகள் காருக்குத் தயாரிப்பு நிலைச் சோதனையில் அனுமதிக்கப்பட்ட சத்தம் 74 டெசிபல். டெசிபல் கணக்கில் பத்து கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். சத்த வரம்பை மீறிய வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ தனியாக உண்டு. தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆக, 'மாட்டவே மாட்டேன்' என்ற உத்தரவாதம் வேண்டுமென்றால் கம்பெனி சைலன்சர் ஒன்றுதான் வழி. வெளி சைலன்சர் எவ்வளவு அமைதியானதாக இருந்தாலும், கேள்வி கேட்க இடமிருக்கிறது என்று தெரிந்தே போட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் கிளெய்மில் இழுபறி வரும்.

கேள்வி: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் சத்தம் நன்றாக இருக்கும், கூலி வேண்டாம், பழையதை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார் மெக்கானிக். நல்ல யோசனையா?

பதில்: அவருக்கு ரொம்ப நல்ல யோசனை. கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. பழைய கன்வெர்ட்டர்களைக் காசு கொடுத்து வாங்குவது தனி வியாபாரம். கூலியைவிட அதிகமாகவே அவருக்குக் கிடைக்கலாம். உங்களுக்குக் கிடைப்பது கரகரப்பான சத்தம், மூக்கைத் துளைக்கும் நெடி, புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் தோல்வி. கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டிகளில் எஞ்சின் விளக்கும் எரியும். கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டு மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து.

கேள்வி: சைலன்சர் மாற்றி ஒரு மாதம் ஆகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்' என்கிறது, வண்டி சூடானதும் நின்றுவிடுகிறது. செட் ஆகிவிடும் என்கிறார்கள்.

பதில்: ஆகாது. ஏதோ ஒரு இணைப்பில் புகை கசிகிறது. உலோகம் சூடேறி விரியும்போது இடைவெளி மூடிக்கொள்வதால் சத்தம் நிற்கிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த இடத்தில் ஸ்டார்ட் செய்து, ஒருவரை ஈரச் சாக்கால் வால்குழாயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கசிகிற இடத்தில் 'உஸ்' என்று கேட்கும். பெரும்பாலும், இணைப்பின் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட்டை மாற்றாமல் பழையதையே போட்டு முறுக்கியிருப்பார்கள். புதுக் கேஸ்கட் போட்டு, தொங்கு ரப்பர்களையும் பார்த்து, கூலி வாங்காமல் செய்து தருவது அவர்கள் பொறுப்பு. மேலே பேஸ்ட் பூசி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கசிவு காரின் அடியில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே வரலாம், அதற்கு வாசனையும் கிடையாது. சரிசெய்யும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள், நிறுத்திய வண்டியில் ஏ.சி. போட்டுக்கொண்டு யாரும் தூங்க வேண்டாம்.