நெருப்பில்லாமலும் புகையும்

கேள்வி: பிளஸ் 1 படிக்கும் என் மகள், தோழிகளுடன் சேர்ந்து ‘ஈஸி ஏ’ என்ற ஆங்கிலப் படத்தைச் செல்போனில் பார்த்திருக்கிறாள். பெயர் கெட்டுப்போன ஒரு மாணவியைப் பற்றிய நகைச்சுவைப் படமாம். நெருப்பில்லாமல் புகையுமா? இத்தகைய படங்கள் பெண்பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: நெருப்பே இல்லாமல் ஓர் ஊரே புகைந்ததுதான் அந்தப் படத்தின் கதை. வில் க்ளக் இயக்கி 2010-இல் வெளிவந்த இப்படத்தில், கலிபோர்னியாவின் ஓஹாய் என்ற சிற்றூரில் படிக்கும் ஆலிவ், தோழியின் குடும்பத்தோடு வெளியூர் செல்ல விருப்பமில்லாமல் ஒரு பொய் சொல்கிறாள். தோழி துருவித் துருவிக் கேட்கவே, விடுமுறையை ஓர் இளைஞனுடன் கழித்ததாக அந்தப் பொய் வளர்ந்துவிடுகிறது. அதை ஒட்டுக்கேட்டுப் பள்ளி முழுவதும் பரப்புபவள், பிறர் ஒழுக்கத்தைக் காப்பதே தன் கடமை என்று நம்பும் ஒரு மாணவி. பிறகு, சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகும் ஒரு பையன் தன்னைக் காப்பாற்றும்படி கெஞ்ச, அவனுக்காக ஆலிவ் ஒரு விருந்தில் அவனோடு நெருக்கமாக இருந்ததுபோல் நாடகமாடுகிறாள். அவனைப் பார்த்து வேறு பையன்களும், தங்களைப் பற்றியும் அப்படிச் சொல்லிக்கொள்ள அனுமதி கேட்டு, கடையில் பொருள் வாங்கும் பரிசு அட்டைகளோடு வந்து நிற்கிறார்கள். ஒரே பொய்யால் அவர்கள் மதிப்பு உயர்கிறது, அவள் மதிப்பு மட்டும் சரிகிறது. ஆலிவாக வரும் எம்மா ஸ்டோனின் நடிப்பைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, படம் இந்த அநீதியைத் தயங்காமல் காட்டுவதுதான்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. அங்கே வதந்திக்கு அந்தப் பெண் கொடுக்கும் விலை தனிமை. இறுதியில் கேமராவின் முன் அமர்ந்து உண்மையைச் சொல்லி அவளால் மீண்டுவிட முடிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விலை வேறு. பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாணவனிடம் நோட்டு வாங்கிய பெண்ணைப் பற்றித் தெருவில் நாலு பேர் பேசிவிட்டால், ‘பேச்சு வளருவதற்குள்’ படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. பெண்ணுக்கு 18 வயது நிறையாமல் திருமணம் செய்து வைப்பவர்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம் என்பது தெரிந்தும், ஊர்ப்பேச்சுக்கே அதிகம் அஞ்சுகிறோம். பேசியவர்களிடம் ஆதாரம் கேட்பதில்லை. பேசப்பட்டவளிடம் மட்டும் கேட்கிறோம்.

ஆகவே, அம்மா, உங்கள் கேள்வியில் ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்ற பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. மகளைப் பற்றி நாளை யாரேனும் உங்களிடம் ஏதாவது சொன்னால், அதே பழமொழியை அவளிடமும் சொல்வீர்களா? ஆலிவின் பெற்றோரைக் கவனியுங்கள்: மகளின் உடையும் நடையும் திடீரென்று மாறியதைக் கண்டும் அவளை வீட்டில் அடைத்துவைக்காமல், அவளாகப் பேசும் வரை துணையாக இருக்கிறார்கள். கடைசியில் அவள் தாயிடம்தான் மனம் திறக்கிறாள்.

படத்தில் வெளிப்படையான பேச்சுகள் நிறைய உண்டு என்பதால் சிறு பிள்ளைகளுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிளஸ் 1 மாணவி பார்க்கலாம். இன்னொரு முறை அவளோடு அமர்ந்து நீங்களும் பாருங்கள். அவள் வகுப்பில் இப்போது யாரைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று, கோபப்படாமல் கேளுங்கள்.