உப்பில் மூலக்கூறு உண்டா? பிணைப்புப் பற்றிய கேள்வி பதில்

(பதிலளிப்பவர்: வன்னியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்)

கேள்வி (கிளிநொச்சி, உயர்தர மாணவி): ஐயா, சோடியம் தன் இலத்திரனைக் குளோரீனுக்கு விரும்பிக் கொடுப்பதால் உப்பு உண்டாகிறது என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம், பிள்ளை. அணுவுக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. வாயு நிலையில் ஒரு மூல் (அணுக்களை எண்ணும் அலகு) சோடியம் அணுக்களிலிருந்து இலத்திரனைப் பிரிக்க 496 கிலோயூல் செலவாகும். அதைக் குளோரீன் அணுக்கள் ஏற்கும்போது திரும்பி வருவதோ 349 கிலோயூல்தான். அந்த நட்டத்தை ஈடுசெய்வது, எதிரெதிர் ஏற்றமுள்ள அயன்கள் (இலத்திரனை இழந்த அல்லது ஏற்ற அணுக்கள்) நெருங்கிச் சாலகமாக, அதாவது ஒழுங்கான முப்பரிமாண அடுக்காக, அமையும்போது வெளிவரும் ஏறத்தாழ 787 கிலோயூல் சக்தியாகும். ஆனையிறவு உப்பளத்துப் பாத்தியில் படியும் பளிங்கில் ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்திருக்கும்; இது இதற்குச் சோடி என்று பிரித்துக் காட்ட முடியாத அந்த அடுக்கில் மூலக்கூறு என்று ஒன்று இல்லை.

கேள்வி (மாங்குளம், மாணவன்): ஐதரசன் அணுக்கள் இரண்டும் ஒரே வகையாயிற்றே, எது அவற்றைப் பிடித்து வைக்கிறது?

பதில்: இரு கருக்களும் ஒன்றையொன்று தள்ளுகின்றன, ஆனால் அவற்றுக்கிடையே செறியும் இலத்திரன் முகில் இரண்டையும் தன்பால் ஈர்க்கிறது. 74 பிக்கோமீற்றர் (ஒரு பிக்கோமீற்றர் என்பது மீற்றரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் ஈர்ப்பும் தள்ளுகையும் சமப்படுகின்றன. இரு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைப் பங்கிட்டுப் பிணைகின்றன என்ற கருத்தை 1916இல் இரசாயனவியலாளர் லூயிஸ் முன்வைத்தார். அச்சோடி ஏன் பிணைக்கிறது என்பதை 1927இல் ஐற்லர், லண்டன் என்ற பௌதிகவியலாளர் இருவரும் குவாண்டம் பொறிமுறையால் (அணுவளவிலான துணிக்கைகளின் இயக்கத்தை விளக்கும் கொள்கையால்) கணித்துக் காட்டினர்.

கேள்வி (முல்லைத்தீவு, கடற்றொழிலாளர்): கருவாட்டுக்கு உப்பிடும்போது மீனின் பிணைப்புகள் உடைகின்றனவா?

பதில்: முதன்மையாக நடப்பது நீர் வெளியேறுவதுதான், அண்ணை. மேலதிக விளக்கத்தை உயிரியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி (பூநகரி): பிணைப்பு உடைந்து சக்தி வெளிவருவதால்தானே விறகு எரிகிறது?

பதில்: இல்லை. உடைப்பதற்கு எப்போதும் சக்தி வேண்டும். காபனீரொட்சைட்டிலும் நீரிலும் புதிய பிணைப்புகள் உருவாகும்போது அதைவிடக் கூடிய சக்தி வெளிவருகிறது, அதுவே வெப்பம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): குளோரீன் தன் வெளி ஓட்டில் எட்டு இலத்திரன்களை நிரப்ப ஆசைப்படுகிறதா?

பதில்: ஆசை கிடையாது. முதற் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (பரந்தன்): உப்பில் மூலக்கூறு இல்லை என்கிறீர்கள். ஆனையிறவு உப்பிலிருந்து எங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் குளோரீன் எடுத்தார்களே, அங்கே உடைந்தது சோடியம் குளோரைட்டு மூலக்கூறுதானே?

பதில்: அன்று. உப்பு நீரில் கரைந்தபோதே அயன்கள் பிரிந்துவிட்டன. மின்னோட்டம் குளோரைட்டு அயனிடமிருந்து இலத்திரனை எடுத்தது. அவ்வாறு இலத்திரன் இழந்த அணுக்கள் இரண்டிரண்டாகப் பங்கீட்டு வலுப்பிணைப்பால் (இலத்திரன் சோடியைப் பங்கிடும் பிணைப்பால்) இணைந்து குளோரீன் வாயுவாயின. மறுமுனையில் நீரிலிருந்து ஐதரசன் வெளிவர, கரைசலில் எஞ்சியது எரிசோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு.

கேள்வி (அவரே மீண்டும்): உப்பு ஆவியில் தனி மூலக்கூறு உண்டென்று படித்தேன். அப்படியானால் உங்கள் கூற்றுப் பிழை.

பதில்: ஆவியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். அங்கே சோடியமும் குளோரீனும் 236 பிக்கோமீற்றர் இடைவெளியில் சோடியாக இருக்கின்றன. பளிங்கில் அந்த இடைவெளி 282 ஆகிறது, ஏனெனில் ஒவ்வோர் அயனும் தன் ஈர்ப்பை ஆறு அயலவருக்குப் பகிர வேண்டியுள்ளது. நான் சொன்னது பாத்தியில் படியும் பளிங்கைப் பற்றி. உப்பு உருகவே 801 பாகை செல்சியசு வேண்டுமெனில், ஆவியாக்க எவ்வளவு வேண்டுமென்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (வவுனியா): "விரும்பிக் கொடுக்கிறது" என்று பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்குமா?

பதில்: விடைத்தாள் என்னிடம் வந்தால் கிடைக்காது.